காற்றிலிருந்து தண்ணீருக்கு: மோட்டார் எஞ்சினைக் குளிர வைத்த வரலாறும் நமது கப்சாய்ப் பழக்கமும்



படிவம் ஐந்து மாணவன் ஒருவன் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தான். வாரக் கடைசியில் பாலிக் புலாவ் பக்கம் நண்பனுடைய ஸ்கிராம்ளரை ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறான். சேற்றுப் பாதையில் மெதுவாக மேடு ஏறும்போது எஞ்சின் சூடேறி ஆவி கிளம்பியிருக்கிறது. வண்டியை நிறுத்திய கையோடு ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறந்துவிட்டான். கொதிநீர் பீறிட்டு முழங்கை வரை வெந்துபோனது.

"ஏன்டா அவ்வளவு சூட்டோட திறந்தே?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா முப்பது வருஷமா கப்சாய்தான் ஓட்டுறாரு சார். அதுல தண்ணியே கிடையாது. இது இப்படிப் பொங்கும்னு யாரும் சொல்லலையே" என்றான்.

அவன் சொன்னது சாக்கு இல்லை. பினாங்கில் மூன்று தலைமுறை மோட்டார் ஓட்டியது தண்ணீர் இல்லாத எஞ்சினில். வண்டி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. அந்த இடைவெளியில்தான் கை வேகிறது, எஞ்சினும் இறுகிப்போகிறது. தண்ணீரால் குளிரும் எஞ்சினில் உள்ள ஒவ்வொரு பாகமும் ஒரு காலத்தில் நடந்த ஒரு கோளாறுக்குப் பதிலாக வந்தது. அந்த வரலாறு தெரிந்தால் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழியும் தானே தெரியும். வரலாறு, அறிவியல் ஆகிய இரு பாடங்களுக்கும் உதவும் என்பதால் இதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

சூடு எங்கே போகிறது?

பெட்ரோல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பம் 2,000 பாகை செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர் தலையும் பிஸ்டனும் அலுமினியக் கலவையில் செய்தவை. தூய அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். அப்படியானால் எஞ்சின் ஏன் உருகுவதில்லை? ஒவ்வொரு நொடியும் சூட்டை வெளியே கடத்திக்கொண்டே இருப்பதால்தான். பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. மீதி பெரும்பாலும் சூடாகவே போகிறது. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறும். இன்னொரு பகுதியை எஞ்சினின் உடம்பிலிருந்து நாம்தான் இறக்கியாக வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஞ்சினைச் சுற்றிச் செதில் செதிலாகத் தகடுகள் வைத்து, ஓடும்போது படும் காற்றைக் கொண்டு குளிர வைப்பது. இன்னொன்று, சிலிண்டரைச் சுற்றி நீர் ஓடும் அறை அமைத்து, அந்த நீர் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கும்படி செய்வது. ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் தேவை. அதே எடையுள்ள காற்றுக்குச் சுமார் 1,000 ஜூல் போதும். இயற்பியல் பாடத்தில் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று மாணவர்கள் மலாயில் படிக்கும் தன்வெப்பக் கொள்ளளவு இதுதான். தண்ணீர் அதிகச் சூட்டைச் சுமக்கும். ஆனால் சுமக்கிற தண்ணீர் குறைந்தால் சூடு அங்கேயே தேங்கிவிடும்.

பெர்தா பென்ஸ் ஊற்றிய தண்ணீர்

இந்த வரலாற்றின் முதல் பாடம் ஜெர்மனியில் கிடைத்தது. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டி தண்ணீரால்தான் குளிர்ந்தது. ஆனால் சூடான தண்ணீரை மீண்டும் குளிர வைக்கும் ரேடியேட்டர் அதில் இல்லை. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போகும், போகப் போக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். வழி நெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

அடுத்த பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் மைபாக். 1900-இன் கடைசியில் தயாரான 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காருக்கு, தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அவர் அமைத்தார். 8,000-க்கும் மேற்பட்ட சிறு குழாய்களின் வழியே காற்று புகுந்து செல்லும். பரப்பு கூடக் கூடக் குளிர்ச்சி கூடும் என்பதுதான் இதன் அடிப்படை. இன்றைய ஸ்கிராம்ளரின் ரேடியேட்டரில் காணும் மெல்லிய தகடுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அந்தத் தகடுகள் சேறு பிடித்து அடைபட்டால் மைபாக் கொடுத்த பரப்பு நமக்கு இல்லாமல் போகிறது என்று பொருள்.

மோட்டார் சைக்கிளிலும் தண்ணீர் புதிதல்ல. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908-இலேயே தண்ணீரைப் பயன்படுத்தும் இரு வீச்சு மோட்டார் சைக்கிள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவற்றில் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற வெப்பச்சலனமே நீரைச் சுற்ற வைத்தது. எஞ்சின்கள் வேகமாகச் சுழல ஆரம்பித்ததும் அந்த இயற்கை ஓட்டம் போதவில்லை. பம்ப் தேவைப்பட்டது.

பினாங்குக்கு வந்த கப்

இப்போது நம் ஊருக்கு வருவோம். லோ பூன் சியூ 1915-இல் சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பேருந்துகளைக் கழுவி, பழுது பார்க்கும் வேலை கற்று, பிறகு பேருந்துத் தொழிலில் முன்னேறினார். 1958-இல் ஜப்பானுக்குச் சென்றபோது ஹோண்டா நிறுவனத்தின் சிறிய மோட்டார் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் ஹோண்டா சூப்பர் கப் விற்பனைக்கு வந்திருந்தது. மலாயாவில் ஹோண்டாவை விற்கும் உரிமையைப் பெற்று, அதைப் பினாங்கிலிருந்து நாடு முழுவதும் கொண்டுசென்றார். 1995-இல் அவர் மறையும்போது 'மிஸ்டர் ஹோண்டா' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டிருந்தது. அவர் பெயரைத் தாங்கிய பூன் சியூ ஹோண்டா நிறுவனம் இன்று பத்து காவானில் இயங்குகிறது.

முதல் சூப்பர் கப்பின் எஞ்சின் 49 சிசி, திறன் 4.5 குதிரைத்திறன். நான்கு வீச்சு, காற்றுக் குளிர்ச்சி. ரேடியேட்டர் இல்லை, பம்ப் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. பெட்ரோல் ஊற்று, கறுப்பெண்ணெய் மாற்று, செயினை இறுக்கு. பராமரிப்பு இவ்வளவுதான். தோட்டத்து வேலைக்கும், சந்தைக்கும், பள்ளிக்கூடத்துக்கும் இதே வண்டி போனது. அந்தக் காலத்தில் தோட்டப் பள்ளிகளில் வேலை பார்த்த நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் கப்பில் போய்ப் பாடம் நடத்தியிருப்பார்கள்! 'கப்' என்ற பெயரோடு 'சிறியது' என்ற பொருளுள்ள சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆனது என்பார்கள். இன்று எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டாருக்கும் அதுதான் பெயர்.

சிறிய எஞ்சின் குறைந்த சூட்டையே உண்டாக்கும். ஓடும் காற்று அதற்குப் போதும். அதனால்தான் நம் தாத்தாக்கள் ஒரு முறைகூடத் 'தண்ணி பார்த்தியா?' என்று கேட்டதில்லை.

ஹோண்டாவின் பிடிவாதம்

ஹோண்டா நிறுவனத்துக்குள்ளேயே காற்றா தண்ணீரா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது பலருக்குத் தெரியாது. நிறுவனர் சோயிச்சிரோ ஹோண்டா காற்றின் பக்கம். தண்ணீரைக் கடைசியில் குளிர வைப்பதும் காற்றுத்தானே, அப்படியிருக்க நடுவில் தண்ணீர் எதற்கு என்பது அவர் வாதம். கேட்கச் சரியாகத்தான் தோன்றும். மாணவர்களிடம் இந்த வாதத்தைச் சொல்லி, இதில் என்ன தவறு என்று கேட்டுப் பாருங்கள். எஞ்சினின் எல்லாப் பகுதிக்கும் காற்று சமமாகப் போய்ச் சேராது. தண்ணீரோ மிகச் சூடான மூலைக்கும் போய்ச் சூட்டை எடுத்து, காற்று நன்றாகப் படும் ரேடியேட்டருக்குக் கொண்டுவரும்.

அந்த நம்பிக்கையில் ஹோண்டா ஆர்ஏ302 என்ற காற்றுக் குளிர்ச்சிப் பந்தயக் காரை உருவாக்கினார்கள். பந்தய வீரர் ஜான் சர்ட்டீஸ் அது பாதுகாப்பற்றது என்று ஓட்ட மறுத்தார். 1968 ஜூலை 7-ஆம் நாள் பிரான்சின் ரூவான் பந்தயத்தில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெசர், ஈரமான பாதையில் விபத்துக்குள்ளாகித் தீயில் இறந்தார். 1969-இல் வந்த ஹோண்டா 1300 காரும் காற்றுக் குளிர்ச்சிதான். கனம் கூடியது, செலவும் கூடியது. இளம் பொறியாளர்கள் தண்ணீர்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார்கள். நிறுவனத்தின் இன்னொரு தூணான தக்கேயோ ஃபுஜிசாவா, நீங்கள் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராக இருக்கப் போகிறீர்களா என்று ஹோண்டாவைக் கேட்டதாகச் சொல்வார்கள். ஹோண்டா இறங்கி வந்தார். 1972-இல் வந்த சிவிக் கார் தண்ணீரால் குளிர்ந்தது. 1973-இல் இருவரும் ஓய்வு பெற்றார்கள்.

கப்பைப் படைத்தவரே பழைய பழக்கத்தை விட இவ்வளவு பாடுபட்டார் என்றால், நம் பையன்கள் தடுமாறுவதில் வியப்பில்லை.

சேற்றில் இறங்கிய தண்ணீர்

மோட்டார் சைக்கிள்களில் தண்ணீர் மீண்டும் வந்தது 1970களில். 1971-இல் சுசுகி ஜிடி750 வந்தது. அதற்கு இங்கிலாந்தில் 'கெட்டில்' என்றும், அமெரிக்காவில் 'நீர் எருமை' என்றும் செல்லப் பெயர்.

ஸ்கிராம்ளர் பந்தயங்களில் சிக்கல் வேறு விதமானது. வண்டி சேற்றில் மெதுவாகப் போகும், எஞ்சின் மட்டும் முழு வேகத்தில் சுழலும். காற்று குறைவு, சூடு அதிகம். இரு வீச்சு எஞ்சின் சூடேறச் சூடேறப் பந்தயத்தின் பாதியிலேயே திறன் இறங்கிவிடும். 1981-இல் ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் 125 சிசி மோட்டோகிராஸ் வண்டிகளுக்குத் தண்ணீர் குளிர்ச்சியைக் கொடுத்தன. அந்த ஆண்டின் யமஹா ஒய்சட்125-இல் ரேடியேட்டர் ஹேண்டிலுக்கு முன்னால், எண் பலகைக்குப் பின்னால் இருந்தது. அவ்வளவு உயரத்தில் கனம் கூடினால் திருப்புவது கடினம். ஆகவே பின்னாளில் பெட்ரோல் தொட்டிக்குக் கீழே, சட்டத்தின் இரு பக்கமும் இரண்டு சிறிய ரேடியேட்டர்கள் வைக்கும் முறை பரவியது. வண்டி சாய்ந்து விழுந்தால் முதலில் அடிபடுவதும் அவைதான்.

நம் நாட்டில் யமஹா டிசட்எம், ஹோண்டா என்எஸ்ஆர்150 போன்ற இரு வீச்சு வண்டிகள் 1990களில் தண்ணீரைச் சாலைக்குக் கொண்டுவந்தன. ஆனால் கப்சாய் குடும்பத்தில் அது பரவலாக நுழைந்தது 2000களின் நடுவில் வந்த யமஹா 135எல்சி வழியாகத்தான். 'எல்சி' என்ற இரண்டெழுத்துக்கு 'திரவத்தால் குளிர்வது' என்றே பொருள். 2015-இல் ஒய்15சட்ஆர், 2016-இல் ஹோண்டா ஆர்எஸ்150ஆர் வந்தன. இவையும் திரவக் குளிர்ச்சிதான். உருவம் கப்சாய், உள்ளே கதை வேறு. பெயரைத் தினமும் சொல்கிறோம், அதன் பொருளை மறந்துவிடுகிறோம்.

மூடி ஏன் இறுக்கமாக இருக்கிறது?

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். பினாங்கு மலை உச்சி ஏறக்குறைய 830 மீட்டர் உயரம். அங்கே சுமார் 97 பாகையிலேயே கொதிக்கும். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும், அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். வீட்டில் இருக்கும் பிரஷர் குக்கரும் இதே விதிப்படிதான் வேலை செய்கிறது.

உயரப் பறக்கும் விமானங்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின் தொடக்கத்தில் வெறும் எத்திலீன் கிளைக்கால் திரவத்தால் குளிர்ந்தது. பிறகு 70 விழுக்காடு தண்ணீர், 30 விழுக்காடு கிளைக்கால் கலந்து, அதை அழுத்தத்தில் வைக்கும் முறைக்கு மாறினார்கள். இன்றைய ரேடியேட்டர் மூடியிலும் அதே தத்துவம்தான். மூடியில் 1.1 பார் என்று எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 122 பாகை வரை கொதிக்காது. கிளைக்கால் கலந்திருந்தால் இன்னும் சில பாகை கூடும்.

இப்போது அந்த மாணவனின் கைக்கு வருவோம். 115 பாகையில் அமைதியாக இருக்கும் நீர், மூடியைத் திறந்ததும் அழுத்தத்தை இழக்கிறது. அந்த நொடியில் அதன் கொதிநிலை 100 பாகைக்குப் பக்கத்தில் இறங்குகிறது. உடனே ஒரு பகுதி ஆவியாகி, மீதி நீரையும் தள்ளிக்கொண்டு வெளியே பாய்கிறது. திறப்பதற்கு முன் அமைதியாகத் தெரிந்த தண்ணீர் கை வைத்ததும் வெடித்தது இதனால்தான்.

கோளாறைத் தேடும் முறை

கொதித்துவிட்டால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ரேடியேட்டரைக் கையால் தொட்டு வைத்திருக்க முடிகிற அளவு ஆறும்வரை மூடியைத் தொடக்கூடாது. சூடான எஞ்சின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டவும் கூடாது. உலோகம் விரிசல் விடலாம். ஆறிய பிறகு, ஒவ்வொரு பாகமும் தன் வேலையைச் செய்கிறதா என்று வரிசையாகக் கேளுங்கள்.

1. தண்ணீர் இருக்கிறதா? பல மோட்டோகிராஸ் வண்டிகளில் சேமிப்புத் தொட்டி இருக்காது. பொங்கிய நீர் குழாய் வழியே தரையில் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து அளவைப் பார்க்க வேண்டும்.

2. காற்று போகிறதா? தகடுகளில் சேறு காய்ந்திருந்தால் மெதுவான நீரால் பின்பக்கமிருந்து கழுவுங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

3. மூடி அழுத்தத்தைத் தாங்குகிறதா? ரப்பர் வெடித்திருந்தாலும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் மாற்றுங்கள். மலிவான பொருள்தான், ஆனால் பலர் கடைசியில்தான் சந்தேகப்படுவார்கள்.

4. குழாய் ஒழுகுகிறதா? இணைப்புகளில் காய்ந்துபோன கறை தெரிந்தால் அங்கே கசிவு உண்டு.

5. பம்ப் சரியா? பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே கூலண்ட் சொட்டினால் உள் சீல் தேய்ந்துவிட்டது. கறுப்பெண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிட்டது. வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போங்கள்.

6. தெர்மோஸ்டாட் திறக்கிறதா? இது சாலை வண்டிகளில் இருக்கும், பல ஸ்கிராம்ளர்களில் இருக்காது. எஞ்சின் கொதிக்கும்போதும் ரேடியேட்டர் சூடேறாமலே இருந்தால், அது மூடியபடி சிக்கியிருக்கலாம்.

7. விசிறி சுற்றுகிறதா? ஓடும்போது சரியாக இருந்து, நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறினால் விசிறியையும் அதன் ஃபியூஸையும் பாருங்கள்.

8. ஹெட் கேஸ்கட் நல்லா இருக்கா? குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்த நிலையில் தொடக்கியதுமே ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தாலோ, எரிவாயு தண்ணீர்ப் பக்கம் புகுகிறது அல்லது தண்ணீர் சிலிண்டருக்குள் புகுகிறது. இது ஃபோர்மன் பார்க்க வேண்டிய வேலை.

புதிதாகத் தண்ணீர் நிரப்பிய பிறகு உள்ளே காற்றுக்குமிழி தங்கினாலும் சூடேறும். காற்றை வெளியேற்றி, மீண்டும் அளவைப் பாருங்கள்.

'இங்க பனியா பெய்யுது, கூலண்ட் எதுக்கு?'

இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறோம். நம் ஊரில் தண்ணீர் உறையாது என்பது உண்மை. சுத்தமான தண்ணீர் கிளைக்காலைவிட அதிகச் சூட்டைச் சுமக்கும் என்பதும் உண்மை. ஆனால் கூலண்ட் கொதிநிலையை உயர்த்துகிறது. அதில் உள்ள மருந்துகள் அலுமினியம் அரிக்காமல் காக்கின்றன. குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்புகள் நாளடைவில் படிந்து நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம். பிறகு அதை வடித்து, வண்டிக்கேற்ற கூலண்டை ஊற்றிவிட வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சிறு பிள்ளைகளும் வீட்டு விலங்குகளும் குடித்துவிடும் ஆபத்து உண்டு.

வகுப்பறைக்கு

தொடர்ச்சியும் மாற்றமும், காரணமும் விளைவும் என்று வரலாற்றுப் பாடத்தில் சொல்லித்தருகிறோம். அதற்கு மாணவர்கள் தினமும் ஏறி வரும் வண்டியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. இந்தக் கேள்விகளைப் பயன்படுத்திப் பாருங்கள்:

1. சூப்பர் கப் பினாங்கில் வேரூன்றியதற்கு இக்கட்டுரையிலிருந்து இரண்டு காரணங்களைக் கூறுக.
2. தண்ணீரையும் காற்றுத்தான் குளிர வைக்கிறது என்ற சோயிச்சிரோ ஹோண்டாவின் வாதத்தை மதிப்பிடுக.
3. மோட்டோகிராஸ் வண்டிகளுக்குச் சாலை வண்டிகளைவிடத் தண்ணீர் குளிர்ச்சி அவசரமாகத் தேவைப்பட்டது ஏன்?
4. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் நடப்பதை அழுத்தம், கொதிநிலை ஆகிய சொற்களைப் பயன்படுத்தி விளக்குக.
5. உங்கள் வீட்டில் உள்ள மோட்டார் காற்றால் குளிர்வதா, திரவத்தால் குளிர்வதா? எப்படிக் கண்டறிந்தீர்கள்?

ஐந்தாவது கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் கட்டோடு வந்த மாணவனிடமும் இதையே கொடுத்தேன். அவன் தாத்தாவின் பழைய கப்சாயையும் மாமாவின் எல்சியையும் அருகருகே நிறுத்திப் படம் வரைந்து வந்தான். எல்சியின் ரேடியேட்டர் மூடிக்கு மேலே சிவப்பு மையில் எழுதியிருந்தான்: 'ஆறட்டும்.'